மைஃப்ரீவியூ படம் உறைகிறதா? வீட்டு ஏரியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில் மைஃப்ரீவியூ இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு 2017 ஜூனில் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-ஆம் தேதியோடு நாடு முழுவதும் நின்றது. அதன்பிறகு ஏரியல் பொருத்துகிறவர்களைத் தேடி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். கேட்பவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன் 9-ஆம் கேள்வி வரையாவது படித்துவிடுங்கள். பல வீடுகளுக்கு அந்தச் செலவே தேவைப்படாது.

1. வீட்டுல ஆஸ்ட்ரோ டிஷ் இருக்கு. அதுலயே மைஃப்ரீவியூ இழுக்காதா?

இழுக்காது. கட்டணச் சேவையான ஆஸ்ட்ரோவின் டிஷ் வானத்தில் இருக்கும் செயற்கைக்கோளைப் பார்க்கிறது. அது பிடிக்கும் அலைகள் 10 கிகாஹெர்ட்ஸுக்கும் மேலே. மைஃப்ரீவியூ மலைமேலும் கோபுரங்களிலும் உள்ள தரைநிலையங்களிலிருந்து யூஎச்எஃப் அலையில், அதாவது 470 முதல் 694 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வருகிறது. அதற்கு யூஎச்எஃப் ஏரியல்தான் வேண்டும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிளை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். அது 6-ஆம் கேள்வியில்.

2. டிவி புதுசுதான். இருந்தும் டிகோடர் வேணும்ங்கறாங்களே?

பெட்டி எப்போது வாங்கினீர்கள் என்பதைவிட, உள்ளே அலையைப் பிடிக்கும் ட்யூனர் எந்த வகை என்பதுதான் முக்கியம். மைஃப்ரீவியூவுக்கு டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறைக்கான ட்யூனர் தேவை. தட்டையான திரை என்பதாலேயே அது இருக்கும் என்று எண்ண வேண்டாம். சில பெட்டிகளில் பழைய டிவிபி-டி மட்டும் இருக்கும். அதில் எவ்வளவு தேடினாலும் ஒரு சேனலும் வராது. பெட்டியின் கையேட்டில் அல்லது பின்பக்க ஸ்டிக்கரில் ‘டி2’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனி டிகோடர் வேண்டும்.

டி2 இருந்தும் ஒன்றும் வரவில்லையா? மெனுவில் நாடு ‘மலேசியா’ என்றும், தேடும் வழி கேபிள் அல்ல, ஏரியல் என்றும் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் பெரும்பாலும் இங்கேதான் சிக்கல்.

3. அப்பா காலத்து ஏரியல் கூரைமேல அப்படியே நிக்குது. அதையே மாட்டலாமா?

கம்பிகளின் நீளத்தைப் பாருங்கள். அனலாக் காலத்தில் டிவி1, டிவி2 சேனல்கள் பல ஊர்களில் யூஎச்எஃப்பைவிட நீளமான விஎச்எஃப் அலையில் வந்துகொண்டிருந்தன. அதற்கான ஏரியலில் குறுக்குக் கம்பி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 65 முதல் 85 சென்டிமீட்டர் இருக்கும். யூஎச்எஃப் ஏரியலின் கம்பிகள் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரைதான். நீளக் கம்பி மட்டும் உள்ள ஏரியலை இறக்கிவிடுங்கள். கோபுரம் பக்கத்தில் இருந்தால் அதிலும் படம் வரக்கூடும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

நீளமும் குட்டையுமாகக் கலந்திருந்தால் அது இரண்டுக்குமான ஏரியல், பயன்படுத்தலாம். ஆனால் நடுவில் உள்ள சின்ன பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். கேபிள் வந்து சேரும் திருகுகளில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும், உள்ளே எறும்புக்கூடு கட்டியிருக்கும், கேபிளின் செப்பு வலை கறுத்துப் பொடியாக உதிரும். அப்படியிருந்தால் சுத்தம் செய்து மாட்டுவதில் பலனில்லை. ஏரியல், கேபிள் இரண்டையும் மாற்றுவதே மலிவு. 10 முதல் 15 கம்பிகள் கொண்ட சாதாரண யூஎச்எஃப் யாகி ஏரியல் (ஒரே தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக நிற்கும் வகை) பெரும்பாலான தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்குப் போதும்.

4. எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியல. சுத்திச் சுத்திப் பார்க்கணுமா?

முதலில் உங்களுக்கான நிலையம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒளிபரப்பை நடத்தும் மைடிவி நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்கள் பகுதிக்கு அலை எட்டுகிறதா என்று பார்க்கலாம். பெரிய நிலையங்கள் உயரமான இடங்களில் இருக்கின்றன: கெடாவில் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய், ஜொகூர்–மலாக்கா எல்லையில் 1,276 மீட்டர் குனோங் லேடாங், கெந்திங் பக்கம் குனோங் உலு காலி, தலைநகரில் புக்கிட் நானாஸ் மேல் நிற்கும் கோலாலம்பூர் கோபுரம். வரைபடத்தில் உங்கள் வீட்டிலிருந்து நிலையத்துக்குக் கோடு இழுத்தால் திசை கிடைத்துவிடும். சுங்கை பட்டாணி வீட்டுக்கு ஜெராய் வடக்கும் வடமேற்கும் சேரும் பக்கம். கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் குழாயிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். குழாய்க்கு அருகில் அது தவறாகக் காட்டும்.

யாகி ஏரியலில் குட்டைக் கம்பிகள் இருக்கும் முனைதான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். வலையோ அகலமான தகடோ உள்ள முனை பின்பக்கம். இதைத் தலைகீழாக மாட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று பூஸ்டர் போட்ட வீடுகள் நிறைய. கம்பிகள் படுக்கையாகவா, நெட்டாகவா என்பதும் முக்கியம். நன்றாகப் படம் வரும் பக்கத்து வீட்டு ஏரியல் எப்படி இருக்கிறதோ அப்படியே வையுங்கள். அதிலும் தேறாவிட்டால் 90 டிகிரி புரட்டிப் பாருங்கள். படுக்க வேண்டியதை நெட்டாக வைத்தால் சிக்னலில் பெரும்பகுதி போய்விடும்.

திருப்பும்போது ஒருவர் மேலே, ஒருவர் டிவி முன்னால். டிகோடரில் கைமுறைத் தேடல் பக்கத்தைத் திறந்தால் வலிமை, தரம் என்று இரண்டு பட்டைகள் தெரியும். ஒரே அடியாகச் சுற்றாதீர்கள். 10 டிகிரி திருப்பி 5 விநாடி காத்திருங்கள். டிஜிட்டல் பட்டை உடனே அசையாது. தரம் ஏறி மறுபடி இறங்கத் தொடங்கும் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு நடுவில் நிறுத்துங்கள்.

5. வலிமை 90 காட்டுது, தரம் 20தான். இதுக்கு என்ன அர்த்தம்?

வருவது நிறைய, ஆனால் கெட்டுப்போய் வருகிறது. ஒரே அலை நேராக ஒருமுறை, எதிர்க் கட்டடத்தில் பட்டு இன்னொருமுறை என்று வந்து மோதினாலும், பூஸ்டர் அளவுக்கு மீறித் தள்ளினாலும், வீட்டுக்குள்ளிருந்தே இரைச்சல் கலந்தாலும் இப்படிக் காட்டும். தரத்தை மட்டும் பாருங்கள். வலிமை 45, தரம் 95 என்றால் அந்த வீட்டில் குறையே இல்லை, தொடாமல் விட்டுவிடுங்கள்.

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளி கூடும், ஆனாலும் பார்க்கலாம். டிஜிட்டலில் ஒரு எல்லைவரை படம் கண்ணாடியாக இருக்கும். அதற்குக் கீழே கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ‘நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சு’ என்று சொல்கிறவர்களின் வீட்டில் சிக்னல் பல மாதமாகவே அந்த எல்லையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கும்.

6. ஆஸ்ட்ரோ நிறுத்திட்டோம். அந்த கேபிளை ஏரியலுக்குப் போடலாமா?

தாராளமாக. அது பெரும்பாலும் 75 ஓம் ஆர்ஜி6 கேபிள். ஏரியலுக்கு அதைவிட நல்லது தேவையில்லை. இரண்டு முனைகளையும் டிஷ்ஷிலிருந்தும் ஆஸ்ட்ரோ டிகோடரிலிருந்தும் முழுவதும் கழற்றிய பிறகே மாட்டுங்கள். அந்த டிகோடர் கேபிள் வழியாக டிஷ்ஷுக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்பும். அது ஏரியல் பூஸ்டருக்குள் போனால் பூஸ்டர் கருகிவிடக்கூடும். வெயிலில் கிடந்து உறை வெடித்திருக்கும் பகுதியை வெட்டி எறியுங்கள். ஓரிடத்தில் தண்ணீர் புகுந்தால் உள்ளே பின்னிய வலை வழியே பல அடி உள்ளே ஊறியிருக்கும்.

புதிதாக வாங்கினாலும் ஆர்ஜி6-ஐயே கேளுங்கள். இந்த அலைவரிசையில் 20 மீட்டர் நல்ல ஆர்ஜி6-இல் இழப்பு 3 முதல் 4 டெசிபெல். 3 டெசிபெல் என்றால் பாதி போய்விட்டது என்று பொருள். மெலிந்த மலிவுக் கேபிளில் இன்னும் கூடும். மிச்சக் கேபிளை டிவிக்குப் பின்னால் சுருட்டி வைப்பதைவிட அளவாக வெட்டுவது நல்லது.

7. கனெக்டர் நானே போட்டேன், சிக்னல் சுத்தமா இல்ல. எங்க தப்பு?

பெரும்பாலும் ஒரு மயிரிழைக் கம்பி. கேபிள் முனையில் திருகி மாட்டும் எஃப் கனெக்டர் போட வெளி உறையை ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் நீக்குங்கள். பின்னிய வலையை முழுக்கப் பின்னால் மடித்து உறைமேல் படுக்க வையுங்கள். நடுக் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை நுரையில் 6 முதல் 8 மில்லிமீட்டர் சீவி எடுங்கள். நடுக் கம்பியில் கத்தி வெட்டு விழக்கூடாது. கனெக்டரைத் திருகி ஏற்றிய பிறகு வெள்ளை நுரை கனெக்டரின் உள்விளிம்புக்குச் சமமாகவும், நடுக் கம்பி கனெக்டர் வாயைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டரும் நீள வேண்டும். இப்போது வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். வலையிலிருந்து ஓர் இழை தப்பி நடுக் கம்பியைத் தொட்டாலும் சிக்னல் அங்கேயே முடிந்தது.

மல்டிமீட்டர் இருந்தால் இரு முனைகளையும் கழற்றிவிட்டு நடுக் கம்பிக்கும் கனெக்டர் உலோகத்துக்கும் இடையே சோதியுங்கள், தொடர்பு காட்டக்கூடாது. வெளியே இருக்கும் ஒவ்வொரு இணைப்பின்மேலும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரணக் கறுப்பு டேப் நம் வெயிலில் பிசின் இளகிப் பிரிந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குமுன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

8. கூரை ஏற முடியாது. உள்ளேயே வைக்கிற ஏரியல் போதாதா?

நிலையம் சில கிலோமீட்டர் தூரத்தில், இடையில் மறைப்பில்லாமல் இருந்தால் போதும். ஃபிளாட்டில் மேல்மாடி என்றால் இன்னும் நல்லது. நிலையத்தைப் பார்க்கும் பக்கத்து ஜன்னலோரம் அல்லது பால்கனியில், இரும்புக் கிராதியிலிருந்து தள்ளி வையுங்கள். வெயிலுக்காக ஒட்டும் டின்ட் தாளில் உலோகப் பூச்சு இருந்தால் கண்ணாடி வழியாகச் சிக்னல் வராது. அந்த ஜன்னலைத் திறந்து வைத்துச் சோதித்தால் தெரிந்துவிடும்.

கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் மறைத்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தகரக் கூரை என்றால் முடியாது. ஓட்டுக் கூரை என்றாலும் டார்ச் அடித்து மேலே பாருங்கள்: பல தாமான் வீடுகளில் சூடு இறங்காமலிருக்க ஓட்டுக்கு அடியில் வெள்ளியாக மின்னும் அலுமினியத் தாள் விரித்திருப்பார்கள். அதுவும் தகரக் கூரைக்குச் சமம். ஏறமுடியாதவர்களுக்குச் சுவரின் வெளிப்பக்கம் ஜன்னல் உயரத்தில் சின்ன யாகி ஒன்றைப் பொருத்துவதே நல்ல வழி. ஒரு மீட்டர் நகர்த்தினால்கூடச் சில நேரம் வித்தியாசம் தெரியும்.

9. பூஸ்டர் போட்டா சரியாயிடும்னு கடைக்காரர் சொல்றார். போடலாமா?

நல்ல சிக்னல் நீளமான கேபிளில் தேய்ந்தால், அல்லது பல டிவிக்குப் பிரியும்போது குறைந்தால், அந்த இழப்பை ஈடுகட்டுவதற்குத்தான் பூஸ்டர். ஏரியலுக்கே வராததை அது உண்டாக்காது. கெட்டுப்போன சிக்னலைப் பெரிதாக்கினால் கெடுதலும் கூடவே பெரிதாகும், தன் பங்குக்கு இரைச்சலும் சேர்க்கும். ஆகவே வரிசை இதுதான்: சரியான ஏரியல், உயரம், திசை, கேபிள், இணைப்புகள், கடைசியில் பூஸ்டர்.

தேவை என்றே ஆகிவிட்டால், டிவிக்குப் பின்னால் வைப்பதை வாங்காதீர்கள். ஏரியல் குழாயிலேயே பொருத்தும் வகையை வாங்குங்கள். கேபிளில் தேயும் முன்பே பெருக்கினால்தான் பலன். அதற்கான மின்சாரம் வீட்டுக்குள் இருக்கும் சின்னப் பெட்டியிலிருந்து கேபிள் வழியாகவே மேலே போகும். 15 முதல் 20 டெசிபெல் போதும். 40 என்று அச்சடித்த பெட்டி உங்களுக்கு இரட்டிப்பு நன்மை தராது. 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டும் வடிகட்டி உள்ளதைக் கேளுங்கள். முன்பு டிவிக்கு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை இப்போது கைப்பேசிக்குப் போய்விட்டது. பழைய பூஸ்டர்கள் 862 வரை பெருக்குவதால் பக்கத்துக் கைப்பேசிக் கோபுரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

10. மழைன்னா ஆஸ்ட்ரோ போகும், சரி. ஏரியலும் ஏன் போகுது?

போகக்கூடாது. டிஷ்ஷின் உயர்ந்த அலையை மழைத்துளிகள் விழுங்கும். யூஎச்எஃப் அலைக்கு மழை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே மழையில் ஏரியல் படம் போனால் பெரும்பாலும் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. மழை விட்டு, வெயில் அடித்து, சில மணி நேரம் கழித்தே படம் திரும்பினால் ஐயமே வேண்டாம்: ஏரியல் பெட்டி அல்லது வெளி இணைப்பு. 3, 7-ஆம் பதில்களில் சொன்னபடி பாருங்கள்.

காற்றடிக்கும்போது மட்டும் போனால் குழாய் ஆடுகிறது அல்லது எதிரில் மரம். தோட்டப்புற வீடுகளில் இது பெரிய சங்கதி. செம்பனை இளசாக இருக்கும்போது தெளிவாக வந்த படம், மரம் உயர உயர மங்கும். ஈர ஓலை இன்னும் மோசம். மரத்துக்கு மேலே ஏரியலை ஏற்றுவதுதான் தீர்வு.

11. சில சேனல் பளிச்சுனு வருது, சிலது வரவே மாட்டேங்குது. எப்படி?

டிஜிட்டலில் பல சேனல்கள் ஒரே அலைவரிசையில் கட்டாக வருகின்றன. அதனால் போனால் கூட்டமாகப் போகும். எவை சேர்ந்து போகின்றன என்று எழுதி வைத்தால் பழுது தேடுவது சுலபம். ஒரு கட்டு மட்டும் போகிறது என்றால், எதிரொலித்து வரும் அலை அந்த அலைவரிசையை மட்டும் அடித்துவிடுகிறது என்பதே வழக்கமான காரணம். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர். ஆகவே ஏரியலை 20, 25 சென்டிமீட்டர் மேலோ கீழோ பக்கவாட்டிலோ நகர்த்தினாலே அந்தக் கட்டு திரும்பலாம். திசை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள்.

படம் போன நேரத்தில் தானியங்கித் தேடலை அழுத்தாதீர்கள். அப்போது கிடைக்காத சேனல்களைப் பெட்டி பட்டியலிலிருந்தே அழித்துவிடும். தரம் சரியான பிறகு ஒரே ஒருமுறை தேடினால் போதும். அந்தப் பட்டியலில் மின்னல் எஃப்எம் போன்ற வானொலிகளும் வந்து சேரும்.

12. சாயந்தரம் டிவி2 தமிழ்ச் செய்தி நேரத்துலதான் உறையுது. ஏன்?

அந்த நேரத்தில் வீட்டில் எது எரிகிறது என்று பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளும் கைப்பேசிச் சார்ஜர்களும் ரேடியோ இரைச்சல் கக்கும். டிவியில் தரப் பட்டையைத் திறந்து வைத்துவிட்டு ஒவ்வொரு விளக்காக, ஒவ்வொரு பிளக்காக அணையுங்கள். எதை அணைத்ததும் தரம் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. எச்டிஎம்ஐ கேபிளையும் ஏரியல் கேபிளையும் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள். உள்ளே வைக்கும் ஏரியல்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

13. மூணு ரூம்ல டிவி. ஒரே ஏரியல்ல பிரிக்கலாமா?

பிரிக்கலாம். இரண்டு வழி ஸ்பிளிட்டரில் ஒவ்வொரு வழிக்கும் 3.5 முதல் 4 டெசிபெல் குறையும், நான்கு வழியில் 7 முதல் 8. கேபிளை முறுக்கி இணைத்துப் பிரிக்காதீர்கள். குழாய்ப் பூஸ்டர் இருந்தால் அதன் மின்சாரப் பெட்டி ஸ்பிளிட்டருக்கு முன்னால், ஏரியல் பக்கம் இருக்க வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் ஸ்பிளிட்டரிலேயே நின்றுவிடும். பூஸ்டருக்கு மின்சாரம் போகாவிட்டால், அதைப் போடாமலே இருந்ததைவிடச் சிக்னல் மோசமாகும்.

14. டிகோடர்ல ‘ஆன்டெனா பவர்’னு ஒண்ணு இருக்கே. ஆன் பண்ணலாமா?

உள்ளே பூஸ்டர் அடங்கிய 5 வோல்ட் ஏரியலுக்கு மட்டும். சாதாரண யாகி ஏரியல் பலவற்றில் நடுக் கம்பியும் வலையும் மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒன்றாகவே சேர்ந்திருக்கும். ஆன் செய்தால் டிகோடர் ‘ஷார்ட்’ என்று எச்சரிக்கும். ஏரியலில் பழுது இல்லை. அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். பூஸ்டருக்குத் தனி மின்சாரப் பெட்டி இருந்தாலும் அணைத்தே வையுங்கள்.

15. வீட்டு வாசல்லேந்து கோபுரமே தெரியுது. இருந்தும் உறையுதே?

தெரிவதுதான் காரணமாக இருக்கலாம். மிக அருகில் சிக்னல் அளவுக்கு மீறி, ட்யூனர் திணறிப்போகும். பூஸ்டர் இருந்தால் கழற்றுங்கள். அதன்பிறகும் 5-ஆம் பதிலில் சொன்ன மாதிரி வலிமை உச்சத்தில், தரம் அடியில் என்றால் டிகோடரின் ஏரியல் துளையில் சிக்னலைக் குறைக்கும் 6 அல்லது 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். விரலளவுச் சின்னப் பொருள். அது இல்லாமலே சோதிக்க, ஏரியலை வேறு பக்கம் திருப்பிப் பாருங்கள். தரம் ஏறினால் அளவு மீறியதுதான் சிக்கல்.

16. இடி மின்னலுக்கு என்ன பண்றது?

உலகில் மின்னல் மிக அதிகமாக விழும் இடங்களில் நம் நாடும் ஒன்று. வானம் கறுத்ததும் ஏரியல் கேபிளையும் மின் பிளக்கையும் டிகோடரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. இடி கேட்கத் தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள். குழாயைத் தரை இணைப்புடன் சேர்க்கும் வேலையை உரிமம் பெற்ற வயரிங்காரரிடம் விடுங்கள்.

கூரை ஏறுவது பற்றியும் இங்கேயே: ஈர ஓட்டில் ஏறாதீர்கள், தனியாக ஏறாதீர்கள். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடத்தில்தான் நிறுத்த வேண்டும். இதில் மட்டும் ‘பரவாயில்லை, பார்த்துக்கலாம்’ என்பதற்கு இடமே இல்லை.

17. எங்க தோட்டம் மலைக்கு அடியில. எல்லாம் செஞ்சும் வரல. இனி என்ன?

மலை நேராக மறைத்தால் யூஎச்எஃப் அலை அதிகம் வளைந்து வராது. இரண்டு முயற்சிகள் பாக்கி. முதலாவது, குழாயை 3 மீட்டரிலிருந்து 6 மீட்டருக்கு உயர்த்தி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, நீளமான யாகி போடுவது. இரண்டாவது, நிலையத்தை மறந்துவிட்டு எதிர்ப்பக்க மலைச்சரிவை நோக்கித் திருப்புவது. அங்கே பட்டுத் திரும்பும் அலை சில பள்ளத்தாக்குகளில் பார்க்கும்படியான படம் தரும். 4-ஆம் பதிலில் சொன்ன மாதிரி 10 டிகிரியாக முழு வட்டமும் சுற்றி, தரத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டிலும் தரம் எழவில்லையென்றால் மேற்கொண்டு ஏரியலில் பணம் போடாதீர்கள். ஆஸ்ட்ரோவின் மாதக் கட்டணமில்லாத என்ஜோய் டிஷ் மலைக்கு அடியிலும் வேலை செய்யும், அது பார்க்கும் பக்கத்து வானம் திறந்திருந்தால் போதும். இணையம் இருக்கும் வீட்டில் அரசு ஒலி-ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் ஆர்டிஎம் கிளிக் செயலியில் டிவி2-ஐ நேரடியாகப் பார்க்கலாம்.